கள்ளுக்கடை வளைவில் வழிமறித்து நிற்கும் கார்கள்

அனுப்புநர்:
ந. மருதாத்தாள், பத்தாம் வகுப்பு,
த/பெ. நஞ்சப்ப கவுண்டர்,
குருவிப்பதி, சித்தூர் தாலுகா,
பாலக்காடு ஜில்லா.
(இந்த விலாசத்துக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். காரணம் கடைசியில் எழுதியிருக்கிறேன்.)

பெறுநர்:
உயர்திரு ஜில்லா கலெக்டர் அவர்கள்,
பாலக்காடு.

பொருள்: குருவிப்பதி பஸ் செல்லும் சாலையில், புளியஞ்சள்ளை கள்ளுக்கடை வளைவில் கார்களையும் வேன்களையும் நிறுத்தி மாலை பஸ்ஸை மறிப்பது பற்றியும், அப்படி நிறுத்துகிறவர்களுக்கு உறைக்கும்படி தண்டனை தருவது பற்றியும்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. நான் தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். வருகிற மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுத வேண்டியவள். எங்கள் தாலுகாவில் தமிழிலும் மனு கொடுக்கலாம் என்று சமூகபாட டீச்சர் வகுப்பில் சொன்னதை நம்பித் தமிழில் எழுதுகிறேன். மனுவில் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்றும் டீச்சர் சொன்னார். அதை வாங்கப் போனால் எதற்கு என்று கேட்பார்கள். கேட்பவர் எங்கள் வீட்டில் சொல்வார். ஆகையால் ஒட்டவில்லை. இதை வீட்டில் யாருக்கும் தெரியாமல், எல்லோரும் படுத்த பிறகு, திரியைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்க வேண்டும். விஷயம் கோணல் இல்லை.

2. சாலையின் அமைப்பைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புளியஞ்சள்ளை வளைவில் ஒரு பக்கம் பாசன வாய்க்கால். அதற்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. மறுபக்கம் தென்னந்தோப்பும் அதை ஒட்டிக் கள்ளுக்கடையும். நடுவில் உள்ள தார்ச் சாலை ஒரு பஸ் போகும் அகலம் மட்டுமே. அங்கே ஒரு கார் நின்றால் பஸ் வாய்க்காலில் இறங்க வேண்டும், அல்லது நிற்க வேண்டும். எங்கள் பஸ் நிற்கிறது.

3. தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகளை மூடிய பிறகுதான் இந்தத் தொல்லை வந்தது. அதற்கு முன் அந்தக் கடைக்கு நடந்து வருகிறவர்களும் சைக்கிளில் வருகிறவர்களும்தான் உண்டு. இப்போது பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்தும் கார் வைத்திருக்கிறவர்கள் எல்லை தாண்டி வருகிறார்கள். அவர்கள் குடிப்பதைப் பற்றி நான் மனு கொடுக்கவில்லை. கடைக்கு லைசென்ஸ் இருக்கிறது, அவர்களிடம் காசு இருக்கிறது. கடைக்குப் பின்னால் தோப்பில் பத்துக் கார் நிற்கும் இடமும் இருக்கிறது. ஆனால் அங்கே மட்டை விழுந்து காரின் கூரை நசுங்குமாம். அதனால் சாலையில் நிறுத்துகிறார்கள். அவர்களுடைய கூரை நசுங்காமல் இருக்க எங்கள் பஸ் நிற்கிறது.

4. பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் ஏறுவது மாலை பஸ். அதை விட்டால் எங்கள் ஊருக்கு வேறு பஸ் இல்லை. அதில் ஏறும் பெண் பிள்ளைகள், கூலி வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள், பால் சொசைட்டியின் காலி கேன்கள், எல்லாம் சேர்ந்துதான் வளைவில் நிற்கிறோம். நின்றவுடன் நாங்கள் செய்யும் முதல் காரியம் ஜன்னல் படுதாக்களை இறக்குவது. மழைக்காகக் கட்டிய படுதா அது. மழை இல்லாத நாளில், காற்றில்லாமல் புழுங்கிக்கொண்டு, படுதாவுக்குள் உட்கார்ந்திருக்கிறோம். வெளியே இருப்பவர்கள் படுதாவை விரலால் தள்ளி, "உள்ள என்ன சரக்குங்க, வெளிய காட்ட மாட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். ஒரு நாள் ஒருவர் பீடித் துண்டை உள்ளே போட்டார். அது ஒரு பெண்ணின் பாவாடையில் விழுந்து ஓட்டை போட்டது. டிரைவரின் பின்னால், எல்லா வண்டியும் நேரம் தவறாமல் ஓட வேண்டும் என்று அரசாங்கம் ஒட்டிய நோட்டீஸ் இருக்கிறது. நிற்கும் நேரமெல்லாம் அதைத்தான் படித்துக்கொண்டிருப்போம். எனக்கு அது மனப்பாடம்.

5. கண்டக்டர் நாணு என்பவர் ஒவ்வொரு முறையும் இறங்கிக் கடைக்குள் போய்ச் சொல்கிறார். அவருக்குக் கிடைக்கும் பதில்களை நான் கேட்டபடியே எழுதுகிறேன். "பாட்டல் தீரட்டும், வர்றம் போ." "பஸ்ஸு எங்க ஓடியா போயிரும்?" "நாங்க வராட்டி இந்தக் காட்டுக்குள்ள உனக்கு என்ன கலெக்சன்?" டிரைவர் ஹார்ன் அடித்தால் உள்ளே இருப்பவர்கள் அதற்குத் தகுந்தபடி பெஞ்சில் தாளம் போடுகிறார்கள். அதனால் இப்போதெல்லாம் அவர் ஹார்ன் அடிப்பதையே விட்டுவிட்டார்.

6. என்னோடு படித்த நாச்சம்மாள் என்ற பெண் ஒரு நாள் பொறுக்க முடியாமல் இறங்கி வாய்க்கால் கரை வழியாக ஊருக்கு நடந்துவிட்டாள். அவள் வேகமாக நடந்ததால் பஸ்ஸுக்கு முன்பே வீட்டுக்கும் போய்விட்டாள். ஆனால் கரை வழியாகத் தனியாக வந்ததை இரண்டு பேர் பார்த்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. இப்போது மாடு மேய்க்கிறாள். எங்கள் வகுப்பில் கணக்கில் முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்தவள் அவள். அன்று சாலையை மறித்து நின்ற கார் யாருடையது என்று இன்று வரைக்கும் யாரும் கேட்கவில்லை. அவள் எந்த வழியாக நடந்தாள் என்பதை மட்டும் எல்லோரும் கேட்டார்கள்.

7. இது பற்றி முன்பே ஊரார் வாய்வார்த்தையாகப் புகார் சொல்லி ஒரு காவலர் சைக்கிளில் வந்து பார்த்தார். நம்பர் பலகைகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் தமிழ்நாட்டு வண்டி. நாம நோட்டீசு அனுப்பி அது போய்ச் சேர்றதுக்குள்ள நான் பென்சன் வாங்கிருவேன்" என்று சொன்னார். ஒரே ஒரு காருக்கு மட்டும் அபராதம் போட்டார். அந்தக் காரின் சொந்தக்காரர் நோட்டை மடித்துக் கொடுத்துவிட்டு, "இன்னைக்குச் சுங்கம் கட்டியாச்சு, இன்னொரு பாட்டல் சொல்லுங்கப்பா" என்று உள்ளே போய் உட்கார்ந்தார். கார் நின்ற இடத்திலேயே நின்றது. அபராதம் கட்டியதால் அங்கே நிற்க உரிமை வந்துவிட்டது போல அன்று அது வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது.

8. இதுவரை எழுதியது எல்லோருக்கும் பொதுவான குறை. இனி எழுதப்போவது எனக்கு நேர்ந்தது. இதை எழுதாமல் விட்டால் நான் ஏன் இவ்வளவு பயந்துகொண்டு, இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன் என்று தங்களுக்குப் புரியாது.

அந்த வளைவில் அதிகமாக நிற்பது எம்.டி.சி. 4471 என்ற கறுப்பு அம்பாசிடர் கார். அதன் சொந்தக்காரர் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மண்டி வைத்திருக்கும் ஆறுமுகசாமி. அவர் என் அம்மாவின் அண்ணன் மகன். எங்கள் வழக்கப்படி என்னைக் கட்டிக்கொள்ள முறை உள்ளவர். அவருக்கு இருபத்தெட்டு வயது. எனக்குப் பதினைந்து.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் அந்தக் கார் வளைவின் நடுவில் நின்றது. நாணு இரண்டு தடவை உள்ளே போய்த் திரும்பி வந்தார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை போகாமல் என் ஸீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மோளே, அது உங்க மாமன் மகன் வண்டியல்லே? நான் சொன்னா அவர் எந்திரிக்க மாட்டார். நீ வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வந்துருவார்" என்றார். அவர் நல்லவர். ஆனால் டவுன்காரர். முறையுள்ள ஒருவரை, வயசுக்கு வந்த பெண் நாலு பேர் பார்க்கத் தேடிப் போய்க் கூப்பிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் இருந்த எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். ஒருவரும் "வேண்டாம், உட்காரு" என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது. ஒரு அக்கா என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "போ அம்முணி, சட்டுனு சொல்லிப்போட்டு வந்துரு" என்றார்.

நான் இறங்கிப் போய்க் கடை வாசலுக்கு வெளியே நின்று, "மாமா, வண்டிய எடுங்க, பஸ் போகோணும்" என்றேன். இதைத் தவிர ஒரு சொல்லும் சொல்லவில்லை. பஸ்ஸில் இருந்த அனைவரும் சாட்சி.

உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "அடேய் ஆறுமுகசாமி, நீ தாம்பாளம் எடுத்துட்டுப் போறதுக்குள்ள பொண்ணே உன்னையத் தேடிட்டு வந்துருச்சு பாரு!" என்றார். இன்னொருவர், "எந்திரிடா மாப்பள, இப்பவே கள்ளுக்கடையில வந்து புடிச்சு இழுக்கறா, தாலி கட்டுனா உன்ற கதி என்னாகறது?" என்றார். கடையே சிரித்தது. கண்டக்டர் இரண்டு தடவை கெஞ்சியும் எழுந்திராதவர் உடனே எழுந்தார். "இதா வந்துட்டன் அம்முணி" என்று சிரித்துக்கொண்டே வந்து காரை எடுத்தார். பஸ் போய்விட்டது. வழி நெடுக எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள்.

9. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பூவும் பழமும் எடுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அப்பாவிடம் அவர் சொன்னது: "ஏனுங் மாமா, ஊரே பாக்கக் கள்ளுக்கடை வாசல்ல வந்து நின்னு என்னையக் கூப்புட்ட புள்ளைய இனி வேற எவனுங்க கட்டுவான்? நான் கட்டிக்கறனுங்க. முறையும் இருக்குது, மனசும் இருக்குது." இதைப் பெரிய தயவு செய்கிறவர் போலச் சொன்னார். அப்பா, "பரீட்சை எழுதட்டும் மாப்பள, மார்ச்சோட முடிஞ்சுரும்" என்றார். அதற்கு அவர், "எழுதட்டுங்க, நான் வேண்டாங்கல. ஆனா பொழுது உழுந்தப்புறம் கள்ளுக்கடை முன்னால பஸ்ஸுக்குள்ள உக்காந்துட்டு வர்றது நம்ம குடும்பத்துக்கு நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

அந்த பஸ் ஏன் அங்கே நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை ஐயா. அவருடைய கார் அப்போது எங்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது. அம்மா காபி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

10. தை மாதத்தில் உப்புச் சர்க்கரை மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்வதாகப் பேசிவிட்டார்கள். அவர்கள் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு, "அம்முணி, பொழுதோட ஊடு வந்து சேர்ந்தீன்னா பரீட்சை வரைக்கும் போ. ஒரு நாள் வெளக்கு வெச்சப்புறம் வந்தீன்னா, அன்னைக்கோட பையை ஆணியில மாட்டிரு" என்று சொல்லிவிட்டார். அப்பா சொன்ன சொல் மாற மாட்டார். பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டால் டீச்சர் டிரெயினிங் அனுப்பும்படி அப்பாவிடம் நேரில் வந்து பேசுவதாகத் தலைமை ஆசிரியை எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். பரீட்சை எழுதாத பெண்ணுக்காக யார் வந்து என்ன பேச முடியும்?

ஆகவே நான் பள்ளிக்கூடம் போவதும் நிற்பதும் மாலை பஸ் நேரத்துக்கு வருவதைப் பொறுத்தது. பஸ் நேரத்துக்கு வருவது அந்தக் கறுப்புக் கார் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. நான் வீட்டோடு இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர் கையில்தான் அந்தக் காரின் சாவி இருக்கிறது.

11. முன்பு அவர் வாரத்தில் ஒரு நாள் வருவார். ஞாயிற்றுக்கிழமை வந்து பேசிவிட்டுப் போன பிறகு அடிக்கடி வருகிறார். முன்பு கடையை ஒட்டி நிறுத்துவார். இப்போது சாலைக்குக் குறுக்காக நிறுத்துகிறார். கண்டக்டர் போய்க் கேட்டால், "கூப்புட வேண்டியவங்க வந்து கூப்புடட்டும், எடுக்கறன்" என்று சொல்லி அனுப்புகிறார். நான் மறுபடி போய்க் கூப்பிட்டால் என் வாயாலேயே சம்மதம் சொன்னதாக ஆகும். கூப்பிடாவிட்டால் இருட்டிவிடும். பஸ்ஸில் இருக்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும், "உன்னால எங்களுக்குமல்லோ இருட்டுது" என்று சொல்லிவிட்டார். நாணு இப்போது என்னிடம் டிக்கெட் கொடுக்கும்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை.

12. நேற்று சனிக்கிழமை எங்களுக்குச் சிறப்பு வகுப்பு இருந்தது. திரும்பும்போது கார் நின்றது. நான் இறங்கவில்லை. கடைசியில் அவரே வெறுத்துப் போய் எடுத்தபோது எதிரில் வருகிற ஆள் தெரியாத அளவுக்கு இருட்டு. இறங்கி ஓடி வந்தேன். மற்ற வீடுகளிலெல்லாம் விளக்கு எரிந்தது. எங்கள் வீடு மட்டும் இருட்டாகக் கிடந்தது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். அம்மா கையில் தீப்பெட்டியோடு விளக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததைப் பார்த்த பிறகுதான் குச்சியைக் கிழித்தாள். என் அம்மா யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாதவள். அந்தக் கார்க்காரரோ அவளுடைய சொந்த அண்ணன் மகன்.

அப்பா மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். விளக்கையும் பார்த்தார். கோபிக்கவில்லை. "நாளன்னைக்கிலிருந்து நானே வெளக்கு வெக்கறன்" என்று மட்டும் சொன்னார். நாளன்னைக்கு என்றது வருகிற திங்கட்கிழமை, அதாவது விடிந்தால்.

13. இந்தக் கல்யாணத்தைத் தடுக்கும்படி நான் தங்களிடம் கேட்கவில்லை. பெண்ணுக்குப் பதினைந்து முடிந்துவிட்டால் சட்டப்படி குற்றமில்லை என்று அந்தக் கார்க்காரர் ஒரு வக்கீலிடம் விசாரித்துவிட்டே வந்திருக்கிறார். எனக்கு ஆவணியில் முடிந்துவிட்டது. ஆகவே என்னைப் பற்றி மனு கொடுக்க எனக்கு வழி இல்லை. சாலையைப் பற்றிக் கொடுக்க வழி இருக்கிறது. சாலை சர்க்காருடையது. அதனால்தான் சாலையைப் பற்றி எழுதுகிறேன்.

14. எப்படித் தண்டிக்க வேண்டும் என்று சொல்ல நான் சிறியவள். ஆனால் அங்கே தினமும் நிற்பவள் என்பதால் எனக்குத் தோன்றியதைத் தாழ்மையுடன் எழுதுகிறேன்.

(அ) அபராதம் மட்டும் போட வேண்டாம். அதை அவர்கள் இன்னொரு பாட்டலின் விலையாக நினைக்கிறார்கள்.

(ஆ) டயரில் காற்றைப் பிடுங்கிவிட வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பையன்கள் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படி உத்தரவு போட்டுவிட வேண்டாம். காற்றுப் போன கார் நகராது. அப்புறம் விடியும்வரை நாங்கள் படுதாவுக்குள் இருக்க வேண்டும்.

(இ) வண்டியைத் தள்ளி எடுத்துப்போய்ச் சில வாரங்கள் ஸ்டேஷனில் வைத்துவிட வேண்டும். தமிழ்நாட்டு வண்டிக்கு நோட்டீஸ் போய்ச் சேராது என்றால் வண்டியே இங்கே இருக்கட்டும், சொந்தக்காரர் தானாக வந்து சேருவார். அதுவரை அவர் எங்கள் பஸ்ஸில் வந்து போகட்டும். அதே வளைவில் இன்னொருவர் கார் நிற்கும்போது, படுதா இறக்கிய பஸ்ஸுக்குள் ஒரு தடவை அவரும் உட்கார்ந்து பார்க்கட்டும். அதற்குமேல் ஒரு தண்டனை எனக்குத் தோன்றவில்லை.

(ஈ) பஸ்ஸை மறித்தவரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றையும் இங்கே பஞ்சாயத்து ஆபீஸ் பலகையிலும், அவருடைய ஊரிலும் எழுதி ஒட்ட வேண்டும். எங்கள் ஆட்கள் பணம் போனால் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள். பெயர் போவதைத் தாங்க மாட்டார்கள். கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்றதற்கு என் பெயர் போய்விட்டது. மணிக்கணக்காக உள்ளே உட்கார்ந்திருந்தவர்களின் பெயர் ஒன்றுகூடப் போகவில்லை.

(உ) கடையின் லைசென்ஸ்காரரையும் பொறுப்பாக்க வேண்டும். தோப்புக்குள் காரை விடச் சொல்ல அவரால் முடியும். தென்னை மட்டையை வெட்டி எடுக்க எத்தனை நேரம் ஆகும்? அவருடைய தோப்பில் மரமேறுகிறவர்களே நாளும் இரண்டு வேளை அந்த மரங்களில் ஏறி இறங்குகிறார்கள். கள்ளுக் கேன் ஏற்றும் வேன்களுக்கும் இதே விதி இருக்க வேண்டும்.

(ஊ) பஸ் எவ்வளவு நேரம் நின்றது, எந்த வண்டியால் நின்றது என்று கண்டக்டர் எழுதிக் கொடுத்தால் அதையே சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போது அவர் எழுதிக் கொடுத்தாலும் பார்த்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்கிறார்களாம். பார்த்தவர்கள் எல்லோரும் பெண்கள். எந்த வீட்டில் எங்களை ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள்?

15. மற்றொரு விஷயம். வளைவில் வீணாகும் நேரத்தால் நஷ்டம் என்று சொல்லி, இனி குருவிப்பதி வரை வராமல் வளைவுக்கு முன்னால் உள்ள நிறுத்தத்திலேயே பஸ்ஸைத் திருப்பிக்கொள்ள முதலாளி அனுமதி கேட்கப் போவதாகக் கண்டக்டர் சொன்னார். பஸ் ரூட்டுகளைத் தீர்மானிக்கும் சபைக்குத் தாங்கள்தான் தலைவர் என்றும் அவர் சொன்னார். அந்த அனுமதியைத் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். கொடுத்தால் நாங்கள் இறங்கி அந்தக் கடையைத் தாண்டி நடந்துதான் ஊருக்குப் போக வேண்டும். அப்படி நடக்க எந்த வீட்டிலும் விட மாட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு வருகிற பெண்கள் இப்போது ஐந்து பேர். அந்த அனுமதி கிடைத்த அன்று ஒருவரும் இருக்க மாட்டார்கள். கார்கள் மட்டும் இருக்கும்.

16. பெயர் எழுதாமல் அனுப்பலாமா என்று பல நாள் யோசித்தேன். பெயர் இல்லாத மனுவை யாரும் எடுத்துக்கொள்வதில்லை என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆகையால் பெயர் எழுதியிருக்கிறேன். விசாரிக்க வருகிறவர்கள் ஊருக்குள் வந்து "மருதாத்தாள் யார்?" என்று கேட்டுவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக்குக் கவர்மெண்ட் கவர் வந்தால் அப்பா பிரித்துப் படிக்கச் சொல்வார். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தங்கள் பதிலை நானே அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். நான் பொய்யாகப் படித்தால் என் குரலில் அவருக்குத் தெரிந்துவிடும். ஆகையால் எனக்குப் பதில் எதுவும் வேண்டாம். வளைவில் ஒரு ஆளை நிறுத்துங்கள், அது போதும்.

17. இந்த மனுவை நாளைக் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது தபால் பெட்டியில் போடுவேன். தங்கள் மேஜைக்கு அது எப்போது வரும் என்று தெரியாது. வந்ததும் தயவுசெய்து முதலில் எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையிடம் ஆள் அனுப்பி, மருதாத்தாள் வகுப்புக்கு வருகிறாளா என்று விசாரியுங்கள். வருகிறாள் என்றால், எங்கே கூப்பிட்டாலும் நான் வந்து இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று சாட்சி சொல்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்கிறேன்.

வரவில்லை என்று சொன்னால், மனுதாரர் இல்லை என்று எழுதி இதை மூடிவிட வேண்டாம் ஐயா. அன்று மாலையும் அந்த பஸ் வளைவில் நிற்கும். மற்ற நான்கு பெண்களும் அதில் இருப்பார்கள். அவர்களில் ஒருத்தி ஏழாம் வகுப்பு. அவளுக்கு இன்னும் மூன்று வருஷம் அந்த வழியாக வர வேண்டும். அவர்களுக்காகவாவது சாலையைத் திறந்துவிடும்படி வேண்டுகிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

குருவிப்பதி,
5-12-1976, ஞாயிறு.

ந. மருதாத்தாள்
(கையெழுத்து)